கருவறையில் இரவல் வாங்கும் இதயம்



உங்கள் வலக்கையை மடக்கிப் பாருங்கள். புயத்திலுள்ள தசை திரண்டு எழும். அதே கையை இடப்பக்க மார்பில் வைத்துப் பாருங்கள். உள்ளே மற்றொரு தசை, நீங்கள் ஏவாமலேயே சுருங்கி விரிந்துகொண்டிருக்கும். முன்னது உங்கள் சொற்கேட்டு நடப்பது. நீங்கள் இளைப்பாறினால் தானும் இளைப்பாறுவது. பின்னதோ நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் தடவை அடிப்பது. உங்கள் அனுமதியை ஒருபோதும் கேளாதது. கை உழைப்புக்கு, இதயம் அன்புக்கு என்று நாமும் இவ்விரண்டையும் பாகம் பிரித்து வைத்திருக்கின்றோம்.

ஆனால், தாயின் வயிற்றில் நாம் உருவான மாதங்களில் இவ்விரு தசைகளும் ஒன்றின் பொருளை மற்றொன்று இரவல் வாங்கியே வளர்ந்தன என்று இன்றைய உயிரியல் கூறுகின்றது. இதயம் தனக்குரியதல்லாத புரதங்களைக் கொண்டு தன் முதல் துடிப்புகளைத் துடித்தது. கைகால்களோ இதயத்திற்குரிய புரதத்தைக் கொண்டு தம் முதல் அசைவுகளை அசைத்தன. இச்செய்தி ஆய்வுகூடங்களோடு நின்றுவிடுவதன்று. உடல் வலுவின்றிப் பிறந்த பிள்ளையை மடியில் வைத்திருக்கும் பெற்றோருக்கும், அத்தகைய பெற்றோரின் அயலில் வாழும் நம் ஒவ்வொருவருக்கும் இதில் சிந்திக்க வேண்டிய பொருள் உண்டு.

இதயமும் ஒரு தசையே

இதயம் தசையன்று, அது உடலின் இயற்கைச் சூட்டிற்கும் உயிருக்கும் இருப்பிடமான தனிப்பொருள் என்ற எண்ணம் 17 ஆம் நூற்றாண்டிலும் கற்றோரிடையே வேரூன்றியிருந்தது. அதனை மறுத்தவர்களுள் முதன்மையானவர் டென்மார்க்கின் கொப்பன்கேகன் நகரில் 1638 இல் பிறந்த நீல்ஸ் ஸ்டென்சன். இலத்தீன் மொழியில் இவரை ஸ்டேனோ என்பர். இதயத்தை அறுத்து அதன் நார்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்த அவர், தசையிலுள்ள யாவும் இதயத்திலும் உள்ளன, தசையில் இல்லாத எதுவும் இதயத்தில் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். தசைகளையும் சுரப்பிகளையும் பற்றி 1664 இல் அவர் வெளியிட்ட நூலில் இம்முடிவு இடம்பெற்றது.

இதயத்தை வெறுந்தசை என்று சொன்னவர் இறைநம்பிக்கையை இழந்திருப்பார் என்று எவரேனும் எண்ணக்கூடும். நடந்தது வேறு. லூத்தரன் சபையில் வளர்ந்த அவர் 1667 இல் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தார். 1675 இல் குருவாகவும் 1677 இல் ஆயராகவும் திருநிலைப்படுத்தப்பட்டார். ஏழைகளுக்காகத் தம் உடைமைகளை விற்று, எளிமையில் வாழ்ந்து 1686 இல் மரித்தார். திருத்தந்தை புனித இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1988 ஒக்டோபர் 23 அன்று அவரை முத்திப்பேறு பெற்றவர் எனப் பிரகடனம் செய்தார். இதயம் தசையே என்ற உண்மை அவரது பக்தியைக் குறைக்கவில்லை. நம் வீடுகளில் திரு இருதயப் படத்தின் முன் விளக்கேற்றும்போதும் நாம் வணங்குவது, தசையாலான மனித இதயத்தை இறைமகன் தமதாக்கிக்கொண்டார் என்ற மறைபொருளையே அன்றோ?

கயிறும் கைகளும்

தசை எவ்வாறு சுருங்குகின்றது? நம் கரையோர ஊர்களில் கரைவலை இழுப்போரைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றைப் பற்றுவர், இழுப்பர், கையை விட்டு முன்னே எட்டி மீண்டும் பற்றுவர். ஒருவர் விடும் நேரத்தில் மற்றவர் பிடித்திருப்பதால் கயிறு பின்னோக்கிச் செல்வதில்லை. தசையின் ஒவ்வொரு நாரிலும் நிகழ்வது இதுவே. அங்கே கயிறு, அக்ரின் என்ற புரதம். பற்றி இழுக்கும் கைகள், மயோசின் என்ற புரதத்தின் தலைகள். நடுவே நிற்கும் மயோசின் இழைகள் இருபுறத்து அக்ரின் கயிறுகளையும் தம்மை நோக்கி இழுக்கும்போது தசை சுருங்குகின்றது.

எப்போது இழுக்கலாம் என்று கட்டளையிடும் மேற்பார்வையாளரும் அங்கு உண்டு. அக்ரின் கயிற்றின் மீது அமர்ந்திருக்கும் ட்ரோபோனின் என்ற புரதக் கூட்டமே அது. கல்சியம் வந்து சேரும்போது வழிவிடும். கல்சியம் அகன்றதும் வழியை அடைக்கும். இவை அனைத்தையும் தன் நிலையில் பிடித்துவைக்கும் வில் போன்ற புரதம் டைற்றின். மனித உடலில் உள்ள புரதங்களுள் மிகப் பெரியது இதுதான்.

இப்புரதங்கள் ஒவ்வொன்றும் ஒரே உருவில் இருப்பதில்லை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் முகச்சாயலில் ஒத்திருந்தும் சிறு வேறுபாடுகளால் தனித்தனியே அறியப்படுவது போல, இவற்றுக்கும் மாற்றுருக்கள் உண்டு. அக்ரினில் மட்டும் மனிதருக்கு ஆறு உருக்கள். கைகால் தசைக்கு ஒன்று, இதயத்திற்கு ஒன்று, குருதிக் குழாய்கள், குடல் போன்றவற்றின் மழமழப்பான தசைகளுக்கு இரண்டு, உடலின் ஏனைய கலங்களுக்கு இரண்டு. கைகால் தசையின் அக்ரினும் இதய அக்ரினும் தனித்தனியே 375 அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றுள் நான்கே நான்கு இடங்களில்தான் இவ்விரண்டும் வேறுபடுகின்றன. இத்துணை ஒத்த இரண்டை உடல் எதற்காகத் தனித்தனியே வைத்திருக்கின்றது? விடையைத் தேடக் கருவறைக்குள் செல்ல வேண்டும்.

முதல் துடிப்பு

கரு உண்டாகி ஏறத்தாழ 22 ஆம் நாள். மாதவிலக்குத் தவறி ஒரு வாரமளவே ஆகியிருக்கும். தான் தாயாகிவிட்டதைப் பல பெண்கள் அறியாத வேளை. முளையத்தின் நீளம் இரண்டு மூன்று மில்லிமீற்றர். ஓர் அரிசியின் பாதி. அந்நேரத்தில் ஒரு சிறு குழாயாக மட்டுமே இருக்கும் இதயம் அடிக்கத் தொடங்குகின்றது. அறைகள் இன்னும் பிரியவில்லை, வால்வுகள் உருவாகவில்லை. உடலின் உறுப்புகளுள் முதலில் தொழிலைத் தொடங்குவது இதுவே. கோழிமுட்டையை மூன்றாம் நாளில் உடைத்துப் பார்த்து, துள்ளும் செந்நிறப் புள்ளியாக இதயத்தைக் கண்டு எழுதிவைத்தவர் கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டோட்டில்.

அவர் கண்ட அந்தப் புள்ளிக்குள் என்ன புரதங்கள் இருந்தன என்பதை அறிய இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. கோழி, எலி ஆகியவற்றின் முளையங்களை ஆராய்ந்தபோது, இளம் இதயக் கலங்களில் முதலில் தென்படும் அக்ரின்களுள் மழமழப்பான தசைக்குரியதும் ஒன்று என்பது தெரியவந்தது. அதன் பின்னர் கைகால் தசைக்குரியதும் இதயத்திற்குரியதும் அங்கே சேர்கின்றன. மழமழப்பான தசையின் அக்ரின் மெல்ல விடைபெறுகின்றது. கைகால் தசையின் அக்ரினோ முற்றாக வெளியேறுவதில்லை. முதிர்ந்த மனித இதயத்திலும் அதற்கு இடமுண்டு.

ட்ரோபோனினிலும் இவ்வாறே. கருவிலுள்ள இதயம் தன் சொந்த ட்ரோபோனின் ‘ஐ’ உருவைப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. மெதுவாக இயங்கும் கைகால் தசைக்குரிய உருவையே வாங்கிப் பயன்படுத்துகின்றது. குழந்தை பிறந்து ஏறத்தாழ ஒன்பது மாதங்களுக்குள் அது முற்றாக மாற்றப்பட்டு, இதயத்திற்குரிய உருவம் நிலைபெறுகின்றது. ஏன் இந்த இரவல்? கருவறையில் ஒட்சிசன் குறைவு. குருதியில் அமிலத்தன்மை கூடும் வாய்ப்பு அதிகம். முதிர்ந்த இதயத்தின் ட்ரோபோனின், அமிலம் ஏறினால் கல்சியத்தின் கட்டளையைச் சரிவரக் கேளாது. துடிப்பின் வலு குன்றும். இரவல் வாங்கிய உருவோ அந்நிலையிலும் தளராது பணிபுரியும். பிரசவ வேதனையின் நெருக்கடியையும் அந்தச் சிற்றிதயம் தாங்குவதற்கு இதுவும் ஒரு துணை.

டைற்றினும் கருக்காலத்தில் நீண்டதாய், இளகிய வில்லாய் இருக்கின்றது. பிறந்த பின்னர் அதன் பெரும்பகுதி குறுகிய, இறுகிய வில்லாக மாற்றப்படுகின்றது. இருக்கும் இடத்திற்கும் செய்யும் பணிக்கும் ஏற்ற உரு, உரிய காலத்தில் வருகின்றது.

கைகால்கள் வாங்கிய கடன்

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். கருவிலுள்ள குழந்தையின் கைகால் தசைகளில் தொடக்கத்தில் மேலோங்கி நிற்பது இதய அக்ரின். ஆறாம் மாதத்தை ஒட்டிய காலத்தில்தான் அத்தசைகளுக்கே உரிய அக்ரின் முன்னுக்கு வருகின்றது. பிறந்து சில மாதங்களுள் இதய அக்ரின் அங்கே 5 வீதத்துக்கும் குறைந்துவிடுகின்றது.

மரியாவின் வாழ்த்தொலி கேட்டு எலிசபெத்தின் வயிற்றில் குழந்தை துள்ளிய நிகழ்வை நாம் அறிவோம். அப்போது எலிசபெத்துக்கு ஆறாம் மாதம். துள்ளிய அக்கால்களின் தசைகளில் இதயத்தின் அக்ரினும் கலந்திருந்திருக்கும். சந்திப்பு விழாவைக் கொண்டாடும் மே 31 ஆம் நாளில் இதனையும் நினைத்துக்கொள்ளலாம்.

மயோசினின் கதை இன்னும் ஒழுங்கானது. எலிகளின் தசை வளர்ச்சியில் மூன்று மயோசின் உருக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன என்பதை 1981 இல் பாரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்டனர். முதலில் முளையத்திற்குரியது, அடுத்துப் பிறப்பை ஒட்டிய காலத்திற்குரியது, இறுதியில் வளர்ந்தோருக்குரியது. மனிதரிலும் இவ்வரிசை உண்டு. கண்ணை அசைக்கும் நுண்ணிய தசைகளும் தாடைத் தசையும் மட்டும் வளர்ந்த பின்னரும் இளமைக்கால மயோசினில் ஓரளவை விடாது வைத்திருக்கின்றன.

ஆயுள் முழுதும் தொடரும் உறவும் ஒன்றுண்டு. இதயத்தின் கீழறைகளில் இயங்கும் மயோசினும், நம் கெண்டைக்காலின் உட்புறத்தே இருந்து நெடுநேரம் நிற்கத் துணைசெய்யும் மெதுவான தசைநார்களின் மயோசினும் ஒன்றே. திருப்பாடுகளின் வாசகத்தின்போது நீங்கள் களைப்பின்றி நிற்பதும், இதயம் ஓயாது அடிப்பதும் ஒரே புரதத்தின் உழைப்பு.

வைத்தியசாலையில் ஒரு சோதனை

இந்த இரவலைப் பற்றிய அறிவு மருத்துவரின் கையில் உயிர்காக்கும் கருவியாகவும் இருக்கின்றது. நெஞ்சுநோவென்று வைத்தியசாலைக்கு விரைந்தவர்களின் குருதியில் ட்ரோபோனின் அளவைச் சோதிப்பதை நீங்கள் கேள்வியுற்றிருப்பீர்கள். மாரடைப்பினால் இதயக் கலங்கள் சிதையும்போது இதயத்திற்குரிய ட்ரோபோனின் குருதியில் கசிகின்றது. இதயத்தின் ட்ரோபோனின் ‘ஐ’ உருவைக் கைகால் தசை எந்த வயதிலும் ஆக்குவதில்லை. எனவே அது குருதியில் கூடினால் அதன் ஊற்று இதயமே.

ட்ரோபோனின் ‘ரி’ என்ற மற்றதன் நிலை சற்று வேறு. அதன் இதய உருவைக் கருவிலிருக்கும் குழந்தையின் கைகால் தசைகளும் ஆக்குகின்றன. பிறந்தபின் நிறுத்திவிடுகின்றன. நெடுங்காலத் தசை நோயால் வாடுவோரில் சிலரது தசைகள் அப்பழைய வழக்கத்திற்கு மீளக்கூடும். அத்தகையவரின் குருதியில் ‘ரி’ கூடியிருந்தால், இதயம் நலமாயிருக்கையிலும் மாரடைப்பு என்ற ஐயம் எழலாம். அவ்வேளையில் மருத்துவர் ‘ஐ’ யையும் சோதித்துத் தெளிவு பெறுவார். கருவறையில் நிகழ்ந்த ஒரு கொடுக்கல் வாங்கலை அறிந்திருப்பது, அறுபது வயது மனிதரின் நோயை அறியத் துணைநிற்கின்றது.

காயமும் மீட்சியும்

தசையில் காயம் பட்டால் என்ன நிகழும்? தசைநாரின் ஓரத்தில் ஒட்டி உறங்கும் சிறு கலங்களை 1961 இல் அலெக்சாண்டர் மௌரோ என்ற அமெரிக்க அறிஞர் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் கண்டார். காயம் பட்டதும் இவை விழித்துப் பெருகி, ஒன்றோடொன்று இணைந்து புதிய நாராகின்றன. அப்புதிய நார் முதலில் அணிவது முளையக்கால மயோசினையே. குணமாகும் தசை, கருவறையில் நடந்த வழியிலேயே மீண்டும் முதலடியிலிருந்து நடந்து வருகின்றது. தசைத்துண்டைச் சோதிக்கும் நிபுணர், அம்மயோசினைக் கண்டால் அங்கே மீட்சி நடைபெறுகின்றது என்று அறிந்துகொள்வார்.

இதயத்திற்கு இந்த வசதி இல்லை. வளர்ந்தோரின் இதயத் தசைக் கலங்களில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய ஒரு வீதமோ அதனினும் குறைவோதான் புதிதாகின்றன என்பதை 2009 இல் சுவீடன் ஆய்வாளர்கள் கணித்தனர். 1950 களிலும் 60 களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் பரவிய காபன் அணுக்கள் நம் உடற்கலங்களில் பதிந்திருக்கும் அளவைக் கொண்டே இதனைக் கணித்தார்கள். மாரடைப்பில் இழந்த தசையின் இடத்தைத் தழும்பே நிரப்புகின்றது. தளர்ந்துபோகும் இதயமும் தன் கருக்காலப் புரத உருக்கள் சிலவற்றை மீண்டும் அழைக்கின்றது. ஆயினும் கையில் மீட்சியைக் கொணரும் அந்த அழைப்பு, இதயத்தில் தளர்ச்சியின் அடையாளமாகவே பெரும்பாலும் நின்றுவிடுகின்றது. ஆகவே நெஞ்சுநோவை வாயுத்தொல்லை என்று தள்ளிப்போட வேண்டாம். ஒவ்வொரு நிமிடமும் அத்தசைக்கு விலைமதிப்புள்ளது.

வலுவின்றிப் பிறக்கும் பிள்ளைகள்

இறுதியாக, இக்கட்டுரையின் நோக்கத்திற்கு வருகின்றேன்.

முளையக்கால மயோசினுக்குரிய பரம்பரை அலகில் நேரும் மாற்றம், சில குழந்தைகள் மடங்கிய விரல்களோடும் வளைந்த பாதங்களோடும் பிறப்பதற்குக் காரணம் என்று 2006 இல் கண்டறியப்பட்டது. பிறந்த பின் அம்மயோசின் பெருமளவு மறைந்துவிடுகின்றது. ஆயினும் கருவறையில் மூட்டுகள் அசையவேண்டிய நேரத்தில் அசையாததன் தடம் மறையாது நிற்கின்றது.

கைகால் தசையின் அக்ரினுக்குரிய பரம்பரை அலகில் மாற்றம் நேர்ந்தால், குழந்தை துவண்டு பிறக்கின்றது. பாலுறிஞ்சவும் மூச்சுவிடவும் சிரமப்படும். கடுமையான நிலையில் முதலாண்டைத் தாண்டுவதே அரிது. இந்நோயின் காரணத்தை 1999 இல் வெளியிட்டவர்கள், மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் பணிபுரிந்த கிறிஸ்டன் நோவாக், நைஜல் லேயிங் ஆகியோரும் அவர்தம் துணைவர்களும்.

இக்குழந்தைகளில் பெரும்பாலானோரிடம் காணப்படும் மாற்றம் தாயிடமும் இல்லை, தந்தையிடமும் இல்லை. அக்குழந்தை உருவாகும் வேளையில் புதிதாய் நேர்ந்தது. தாய் உண்டதாலன்று, உண்ணாததாலன்று, அவள் அழுததாலோ, கிரகண நேரத்தில் வெளியே சென்றதாலோ அன்று, எவருடைய சாபத்தாலும் அன்று. பிறவியிலேயே பார்வையற்றிருந்தவரைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம் என்று ஆண்டவரிடம் வினவினர். அவரும் பாவமன்று, அவர் பெற்றோரும் பாவம் செய்ததாலன்று என்பதே அவர் தந்த மறுமொழியின் பொருள். ஆயினும் நம் ஊர்களில் அவ்வினா இன்னமும் ஓயவில்லை. கோயில் முற்றத்திலும் மரண வீட்டிலும் தாழ்ந்த குரலில் அது கேட்கப்படுகின்றது. கேட்பவர் மறந்துவிடுவார், அந்தத் தாய் மறப்பதில்லை.

அதே ஆய்வாளர்கள் மற்றொன்றையும் கண்டனர். கைகால் தசையின் அக்ரினை அறவே ஆக்க இயலாத குழந்தைகள் சிலர் உயிர்வாழ்ந்தனர். அவர்களின் தசைகளைச் சோதித்தபோது, பிறந்ததும் குறைந்துபோக வேண்டிய இதய அக்ரின் அங்கே தொடர்ந்து நிலைத்திருந்தது. இதனால் உந்தப்பட்டு, அக்ரின் இல்லாத எலிக்குஞ்சுகளின் தசைகளில் இதய அக்ரின் மிகுதியாக உண்டாகும்படி செய்து பார்த்தனர். அவ்வுதவியின்றிப் பிறந்தவை ஒன்பது நாட்களுக்குள் இறந்தன. உதவி பெற்றவற்றில் பெரும்பாலானவை வளர்ந்து ஓடித்திரிந்தன; சில இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் வாழ்ந்தன. அந்த நான்கு அமினோ அமில வேறுபாடு கடக்கக்கூடியதாகவே இருந்தது. இம்முடிவு 2009 இல் வெளியாயிற்று. மனிதருக்கான சிகிச்சையாக அது இன்னும் மாறவில்லை. பொய்யான நம்பிக்கையை எந்தப் பெற்றோருக்கும் ஊட்டல் ஆகாது. எனினும் ஆய்வு செல்லவேண்டிய திசையை அந்த எலிகள் காட்டியிருக்கின்றன.

அன்பர்களே, வளர்ந்த பின் நம் கைகால்கள் இதயத்திடம் பட்ட கடனை மறந்துவிடுகின்றன. ஆனால் கடன் தந்த பரம்பரை அலகு அழிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு தசைக் கலத்திலும் அது மூடிய ஏடாக இருக்கின்றது. தேவை வரும்போது திறப்பதற்குரிய வழியையே அறிஞர்கள் தேடுகின்றார்கள்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. உங்கள் பங்கில் அத்தகைய ஒரு பிள்ளை இருந்தால், வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அப்பெற்றோரிடம் செல்லுங்கள். காரணம் வினவ வேண்டாம், ஆலோசனையும் வேண்டாம். பிள்ளையின் பெயரைச் சொல்லி அழையுங்கள். அந்தத் தாயின் கை ஓய, சற்று நேரம் அப்பிள்ளையை நீங்கள் தூக்கி வைத்திருங்கள்.